வேற கோட்டி

நேர்முகத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி:
டிக்‌ஷனரிக்கும் லெக்சிகனுக்கும்
என்னம்மா வித்தியாசம்?
முன்னதை ஒரு கையால் தூக்கலாம்,
பின்னதற்கு ரெண்டு கை வேணும் என்றேன்.
சிரித்தார்கள். வேலையும் கொடுத்தார்கள்.
பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்.
பதினோரு வருடமாய் அந்தப் பதிலுக்குத்தான்
சம்பளம் வாங்குகிறேன்.

மதுரைக்கு மேல்முறையீடு போகவேண்டிய கட்டு.
மூலைக்கரைப்பட்டி முப்பிடாதிமேல்
கணவன் நம்பிராஜன் போட்ட விவாகரத்து வழக்கு.
மனுவில் ஒரு வரி:
இவள் கோட்டி என்பதை மறைத்து
எனக்குக் கட்டிவைத்துவிட்டார்கள்.

எனக்கு முன்னால் இருந்த தஞ்சாவூர்ப் பையன்
அகராதியைப் பார்த்து
நேர்மையாக ஆங்கிலப்படுத்தியிருந்தான்:
இவள் ஓர் அறிஞர் அவை என்பதை மறைத்து.
மூன்று பேர் கையெழுத்து, ஊதா முத்திரை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
பழைய நூல்களில் கோட்டி என்றால் அவைதான்,
படித்தவர்கள் கூடுமிடம்.
தாமிரபரணிப் பாலம் தாண்டியதும்
அந்தச் சொல்லுக்குத் தலை கலைந்துவிடுகிறது,
அதற்கு அவன் என்ன செய்வான்.

அடித்துவிட்டுப் பைத்தியம் என்று போட
ஐந்து நிமிடம்.
அதற்குள் கண்ணில் பட்டது
குறுக்கு விசாரணை, நாலாம் பக்கம்:

"ஆமா சார், கோட்டின்னுதான் கூப்பிடுவாவ.
கெட்டிக்கிட்ட புதுசுல
கண்ணாடி வளவி வாங்கியாந்து
ஏ கோட்டி, கைய நீட்டுன்னுதான் சொன்னாவ.
அது வேற கோட்டி.
இது வக்கீல் ஆபீசுல எழுதுன கோட்டி."

தட்டச்சர் ஒன்றையும் திருத்தவில்லை, நல்லவேளை.
நீதிபதி என்ன நினைத்தாரோ
ஓரத்தில் பென்சிலால் சின்னதாய் ஒரு கோடு.

மேசையில் டிக்‌ஷனரி கிடந்தது.
யார் புரட்டினாலும் அதே பக்கம், அதே பொருள்;
அதன் பெருமையே அதுதான்.
அலமாரியில் மற்றது, பாகம் பாகமாய்,
நான் ரெண்டு கை வேணும் என்று சொன்னது.
முப்பிடாதி கூண்டேறும்போது
கையில் துண்டுச்சீட்டுகூட இல்லை.
அவ்வளவும் அவளோடுதான் ஏறியிருக்கிறது.
எந்தச் சொல்லை எந்த வருடம்
யார் என்ன குரலில் சொன்னார்கள் என்பதோடு,
அப்போது உடைந்த வளவிகளோடு.

அன்றைக்கு அந்தக் கேள்வியை
அவளிடம் கேட்டிருக்கலாம்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்தான் வைக்கலாம், வழக்கம் அப்படி.
நான் கோட்டி என்பதையே
ஆங்கில எழுத்தில் எழுதி நட்சத்திரம் போட்டேன்.
அடிக்குறிப்பு பாதிப் பக்கம் ஏறியும்
வளவி வரைக்கும் வரவில்லை.

தலைமை எழுத்தர் ஆறுமுகநயினார் எட்டிப் பார்த்தார்.
"ஒத்த வார்த்தைக்கா இம்புட்டு?
ஒமக்கு என்ன, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா தாயி?"

எந்தக் கோட்டி என்று கேட்கவில்லை.
தனித்தாள் ஒன்று எடுத்தேன்.