பிறவினை

நாரஹேன்பிட்டி, தொழில் திணைக்களம், மூன்றாம் மாடி.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று எங்கள் பக்கம் வருவதில்லை.
எனக்கு இங்கே ஒரே வேலை:
சிங்களத்தில் விழுவதைத் தமிழில் ஏந்துவது,
தமிழில் விழுவதைச் சிங்களத்தில்.
நாட்கூலி. பஸ் காசு தனி.

கம்பனியின் சட்டத்தரணி எழுந்து வாசித்தார்.
கொக்கி கழன்றது.
வடம் அறுந்தது.
சுமை சரிந்தது.
தொழிலாளி இறந்தார்.
நான்கு வாக்கியம்.
செத்தவனைத் தவிர
ஒன்றிலும் ஓர் ஆள் இல்லை.

குனிந்து, யோகமலரின் காதில்
நான்கையும் சொன்னேன்.
பூண்டுலோயாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவள்.
மடியில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள்
தவசீலனின் வேலைத்தள அடையாள அட்டை.
படத்தில் அவன் தலைக்கவசம் அணிந்து சிரிக்கிறான்.
"தானாவா கழண்டுச்சு?" என்றாள்.

என் தொழிலில் பதில் சொல்லக் கூடாது.

ஒன்பதாம் வகுப்பில் படித்தது,
பரீட்சையோடு முடிந்தது என்றிருந்தேன்:
கழன்றது, தன்வினை. கழற்றினார், பிறவினை.
அறுந்தது, அறுத்தார்.
சரிந்தது, சரித்தார்.
இறந்தார் என்பதற்கு மட்டும்
ஜோடி வேறு வேரில் இருக்கிறது.
அதை இந்த அறையில்
எவரும் உச்சரிப்பதில்லை.

சிங்களத்திலும் இப்படித்தான்.
கெடுணா என்றால் உடைந்தது.
கெடுவா என்றால் உடைத்தது.
நடுவில் ஓர் எழுத்து.
அந்த இடுக்கு வழியாக ஒரு நட்டஈடு முழுதாக
நுழைந்து வெளியே போய்விடும்.

பிறகு சுஜீவ வந்தான்,
பாரந்தூக்கி ஓட்டியவன்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவனுக்கு,
நெம்புகோல் இல்லாத மேசை.
பாரம் கூடும்போதெல்லாம்
அபாய மணி அடித்தது, சேர்.
மூன்று நாள் அடித்தது.
வேலை தாமதமாகிறதென்று
வயரைக் கழற்றச் சொன்னார்கள்.
யார் சொன்னது?
மேலேயிருந்து.

அலுவலர் எழுதிக்கொண்டார்: மேலேயிருந்து.
நானும் மொழிபெயர்த்தேன்: மேலேயிருந்து.
யோகமலர் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.
கொம்பனித்தெருவில், பேர வாவிக்கு எதிரே,
நாற்பத்திரண்டு மாடிக்கும் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவன் அவன்.
அவனுக்கும் மேலே
காகமா இருந்தது?

காற்றுப் பதிவேட்டைக் காட்டினார்கள்.
தினம் பன்னிரண்டு.
தளம் பூட்டியிருந்த வெசாக் அன்றும் பன்னிரண்டு.
கொள்ளுப்பிட்டிக் கடற்கரை வீதியில்
என் குடை எலும்பு முறிந்து பறந்த மாலையிலும்
பன்னிரண்டு, அதே பேனா,
அதே சாய்ந்த கையெழுத்து.
கையெழுத்துக்காரர் நாட்டில் இல்லை என்றார்கள்.

நானும் சுத்தமானவன் இல்லை.
போன வருடம் வத்தளை வழக்கில்
சாரத்தின் பலகையை எடுத்தார்கள் என்று ஒருவன் சொன்னதை
பலகை இருக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.
ஒன்றேகால் மணி. எல்லோருக்கும் பசி.
யாரும் கவனிக்கவில்லை.
நான் கவனித்தேன், பிறகு
சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

மூன்றரைக்குத் தமிழ்ப் பிரதி வந்தது.
வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்க வேண்டும்.
"அபாய மணி செயலிழந்திருந்தது" என்றிருந்தது.
என் பேனாவை எடுத்தேன்.
அடித்துவிட்டு எழுதினேன்:
"அபாய மணியின் வயர் கழற்றப்பட்டது."
அவ்வளவுதான் என் துணிச்சல்.

அவள் வரிக்கு அடியில் விரலை ஓட்டினாள்,
கொழுந்துச் சாயம் இன்னும் போகாத நகம்.
கழற்றப்பட்டது என்பதில் நின்றாள்.
"யாராலன்னு இல்லையே."
"இல்லை."
"அப்ப எடம் விட்டு எழுதுங்க.
பேரு வந்ததும் ஒப்பம் வைக்கிறேன்."

இதையும் சிங்களத்தில் சொன்னேன்,
ஓர் எழுத்தும் குறையாமல்.

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.
பாருங்கள், இதிலும் ஆள் இல்லை.

படியிறங்கும்போது கேட்டாள்:
"அடுத்த தவணைக்கும் நீங்கதானே வருவீங்க?"
தெரியாது, அம்மா.
எனக்கும்
மேலேயிருந்துதான் சொல்வார்கள்.