சொடுக்கு

நூற்று நாற்பது யூரோ.
சம்பளத்துக்கு இன்னும் பதினொரு நாள்.
லியெபாயாவின் பாடகர் குழு கேட்டது
மூன்று நிமிடப் பியானோ, வீட்டிலேயே பதிந்து,
ஞாயிற்றுக்கிழமைக்குள்.
ரிகா டிராம் பணிமனையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
வரவைப் பார்த்துச் செலவை வெட்டத் தெரியும்.

உல்டிஸின் கடை ரயில் பாலத்துக்குக் கீழே,
பழைய சாமான்.
கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பெரிய மைக்,
தனி விளக்கு போட்டு, மன்னர் காலத்து வாள் போல.
இருநூற்றைம்பது என்றான்.
நான் என் கையுறையைப் பார்த்தேன்.
"அது பாடுகிறவர்களுக்கு, ஜின்ட்ரா.
பியானோவுக்கு இரண்டு காது வேண்டும்"
என்று பென்சில் கனத்தில் ஒரு ஜோடியை எடுத்து வைத்தான்.
ஒன்றுக்குத் தலையில் நசுங்கல்.
தொண்ணூறு சொல்லி எண்பதுக்கு இறங்கினான்.
இணைப்புப் பெட்டி நாற்பத்தைந்து;
அதன் ஒரு குமிழ் திருகினால் கரகரக்கும்.
திருகாதே என்றான்.
கம்பிகள் பன்னிரண்டு.
மிச்சம் மூன்று யூரோ.

தாங்கியா? இஸ்திரி மேசை இருக்கிறது.
துடைப்பக் கட்டை இருக்கிறது.
பார்சல் நாடா, அலுவலகத்துடையது.

சுவரோடு ஒட்டி நிற்கும் வகைப் பியானோ.
இரண்டு சாண் இழுத்தேன்.
பின்னால் ஒரு குழந்தையின் காலுறை, யாருடையதோ.
மூடியைத் திறந்து மேலிருந்து பதிந்தால்
சுத்தியல்கள் மட்டும், தையல் கடை போல.
பின்பக்கம் வைத்தால்
போர்வைக்குள்ளிருந்து பேசுகிற ஆள்.
ஒவ்வொரு சாணாக நகர்த்தித்
தரையில் சாக்பீஸால் குறித்தேன்.
நள்ளிரவில் என் கூடம்
குற்றம் நடந்த இடம் போல இருந்தது.

கம்பளிகள் சன்னலுக்கு. கடிகாரம் குளியலறைக்கு.
வெளியே மைனஸ் பதினான்கு;
பனி கனத்துப் படிந்து
டிராம் சத்தத்தையே தின்றுவிட்டது.
அந்தத் தரத்தில் ஒலித்தடுப்பு வாங்கப் போனால்
என் மூன்று மாதச் சம்பளம்.

ஆனாலும் பதிவில் ஒரு சொடுக்கு.
மெதுவான பகுதியில்
வலது கை கறுப்புக் கட்டைக்கு ஏறும்போது,
டக்.
கம்பியை மாற்றினேன். டக்.
பெட்டியைத் திட்டினேன். டக்.
நசுங்கின மைக்தான் என்று முடிவு கட்டி
மறுநாள் கடைக்குத் தூக்கிப் போனேன்.
உல்டிஸ் ஹெட்போனில் இரண்டு முறை கேட்டான்.
பிறகு மைக்கைப் பார்க்கவில்லை,
என் கையைப் பார்த்தான்.
"மோதிரம்."

இருபத்தாறு வருடமாக இதோடுதான் வாசிக்கிறேன்.
எந்தக் காதும் சொன்னதில்லை.
அர்னிஸ் நார்வேயில், மீன் பண்ணையில்.
கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வருவான்.
போன முறை புயல் என்றான்.
அதற்கு முந்தின முறையும் ஏதோ சொன்னான்.

சனிக்கிழமை ராத்திரி சோப்பு போட்டுக் கழற்றினேன்.
குளிர்பெட்டியும் முனகிக்கொண்டிருந்தது;
மின்செருகியைப் பிடுங்கினேன்.
மோதிரத்தை அதற்குள்ளேயே, வெண்ணெய்க் கட்டியின் மேல் வைத்தேன்.
மோதிரம் தேடி வருவேன் அல்லவா,
அப்போது குளிர்பெட்டி ஞாபகம் வரும்.
கணக்குக்காரியின் மூளை:
ஒரு பதிவில் இரண்டு வரவு.

நான்காவது முறை சரியாக வந்தது.
மூன்று நிமிடம் ஏழு விநாடி.
கடைசி ஸ்வரம் அறையை விட்டுப் போகும்வரை
பெடலை விடாமல், மூச்சு விடாமல்
உட்கார்ந்திருந்தேன்.
அனுப்பினேன். மதியம்வரை தூங்கினேன்.
பிறகு வேலை, கேன்டீன் சூப், வேலை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்
சமையலறைத் தரையில் தண்ணீர்.
மீன் கெட்டிருந்தது. பால் கெட்டிருந்தது.
இளகின வெண்ணெயில் பாதி புதைந்து
மோதிரம்.

முதலில் மின்செருகியை மாட்டினேன்.
குளிர்பெட்டி இருமி, முனகத் தொடங்கியது.
பிறகு ஈரக் கையோடு கூடத்துக்குப் போய்
அந்த மூன்று நிமிடத்தை மறுபடி கேட்டேன்.
மெதுவான பகுதி.
கை கறுப்புக் கட்டைக்கு ஏறுகிற இடம்.

நசுங்கினதுதான். ஆனால் நல்ல மைக்.