இரண்டு புள்ளி ஒன்பது

எங்கள் உறைபெட்டியின் கீழ்த்தட்டில்
அறக்குளாத் துண்டுகளுக்கும்
முருங்கை இலைப் பொதிக்கும் நடுவில்
பதினேழு சின்னப் போத்தல்கள் இருந்தன.
ஒவ்வொன்றிலும் சிவாஜினியின் வியர்வை ஒத்திய பஞ்சு.
மூடியில் திகதி, நேரம், ஓர் இலக்கம்:
3.4. 3.1. 2.7.
சீனி இறங்கின நேரங்களில் அவளே எழுதியவை.
கடைசி ஏழு நடுங்கி
ஒன்றைப்போல் சரிந்து கிடந்தது.

"பழக்குகிற இடத்துக்கு அனுப்ப" என்றாள்.
பொம்பிளை பார்க்கிறவர்கள் படம் அனுப்புவார்கள்.
நாங்கள் ஒரு நாய்க்கு
வியர்வை அனுப்பினோம்.

அவள் வேலைக்குப் போன ஒரு காலை
ஒரு மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன்.
பனி மணந்தது. கொஞ்சம் மீன்.
இருபத்திரண்டு வருடம்
ஒரே கட்டில்.

யூரா வந்தாள்.
ஓல்ட்டனுக்குப் பின்னால் நிற்கிற மலையின் பெயர்.
கறுப்பு. இடது காது மட்டும் சரியாக மடியாது.
சுவிஸ் ஜெர்மனில் இரு என்றால் இருப்பாள்,
நான் சொன்னால்
என் உச்சரிப்பைத் திருத்துகிறவள்போல் பார்ப்பாள்.

ஊரில் இரவு நாய் குரைத்தால்
விளக்கை அணைப்போம்.
முதலில் சந்திக்கடை நாய்,
பிறகு வாசிகசாலை நாய்,
பிறகு எங்கள் ஒழுங்கை நாய்.
சப்பாத்துகள் எந்த வளைவில் வருகின்றன என்று
குரைப்பை வைத்து எனக்குச் சொல்லத் தெரியும்.
இவள் குரைப்பதே இல்லை.
குரைக்காத நாயை எப்படி வாசிப்பது?

திருமண மண்டபத்தில் ஒருவர்
வாழையிலையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்:
"சாப்பிடுற இடத்துக்க நாயோ?"
சிவாஜினி சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்:
"நாயில்லை அண்ணை, என்ர கணையம்.
உள்ளுக்க இருந்தது வேலை நிறுத்தம்.
இது நாலு காலில நடக்குது.
வாசலில கட்டிப்போட்டு வரேலாது."
அவர் இருந்தார். கொஞ்சம் தள்ளி.

நானும் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தேன்,
கட்டிலில்.
அவள் பக்கத்துத் தரையில் யூரா.
என் மனைவியின் இரத்தத்தில் நடப்பது
எனக்கு முன்னம் இன்னொருத்திக்குத் தெரியும் என்பது
சொன்னால் சிரிப்பார்கள், சொல்லவில்லை.

மாசிமாதம். ஆரே ஆற்றிலிருந்து ஏறிய புகார்
ஜன்னலை வெள்ளையடித்திருந்தது.
என் நெஞ்சில் ஒரு பாதம்.
"போ" என்றேன் தமிழில். பிறகு ஜெர்மனில்.
போனகிழமை இரண்டு தரம்
கல்லீரல் துண்டுக்காகப் பொய் சொன்னவள்.
கைபேசியைப் பார்த்தேன்: 4.4.
கையில் ஒட்டிய கருவி அமைதி.
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

பல் என் சட்டைக்கையைக் கவ்வியது.
கடிக்கவில்லை. இழுத்தது.
பள்ளிக்குப் பிந்தின பிள்ளையை இழுக்கிறதுபோல.

சிவாஜினியின் கழுத்து நனைந்திருந்தது.
கூப்பிட்டேன். யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.
விரலில் குத்தினேன்.
2.9.

கருவி எப்போதும் பத்து நிமிடம்
பழைய செய்தி வாசிக்கும்.
அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குசினி நிலத்தில் மூன்று பேரும் இருந்தோம்.
பழச்சாற்றை வாயில் வைத்துப் பிடித்தேன்,
பல்லில் கண்ணாடி கிணுகிணுத்தது.
பாதி குடித்ததும் அவளுக்கு வந்த முதற் சொல்:
"யூராவுக்குக் குடுத்தாச்சே?"

டப்பாவைத் திறந்தேன்.
ஒரு துண்டு. பிறகு, சட்டத்தில் இல்லாத இரண்டாவது.
இந்தக் கையால்
எத்தனை ஒழுங்கையில் கல் எடுத்திருக்கிறேன்.
நாக்கு அதைக் கேட்கவில்லை,
உள்ளங்கை முழுக்கத் துடைத்துவிட்டுப் போனது.

பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.
கீழே பாலத்தில் முதல் ரயில் போனது.
கருவி இப்போதுதான் அலறத் தொடங்கியது,
நிறுத்தினேன்.

யூரா மூக்கை நீட்டி
அவள் மூச்சை ஒருதரம் வாங்கினாள்.
கொட்டாவி விட்டாள்.
என் காலின்மேல் தலையைப் போட்டுப் படுத்தாள்.

திரும்பக் குத்துவதற்கு முன்
நானும் குனிந்து
சிவாஜினியின் வாயருகே மணந்து பார்த்தேன்.

தோடம்பழம்.
தோடம்பழம் மட்டும்தான்.