ஒன்பதாம் வீடு

பட்டியல் என் கையில்.
ஒன்பதாம் வீட்டில் நான்கு ஓட்டு:
வடமலை, இருசாயி, இரண்டு பையன்கள்.
கதவைத் திறந்ததோ ஆலம்கீர்,
முன்கையெல்லாம் செம்பனை முள் கீறல்.

வடமலை குடும்பம் லயத்தை விட்டு ஆறு வருஷம்.
சுங்கை லாலி டவுனில் மலிவுவிலை அடுக்குமாடி,
நாலாம் மாடி, லிஃப்ட் ஓடாது.
பெயரை மட்டும் இங்கேயே விட்டுப் போயிருக்கிறார்கள்,
ஆணியில் மறந்த சட்டை மாதிரி.

"வாங்கக்கா, போகலாம்" என்றேன்.
இன்னும் ஐந்தே நாள்.
எதிரே நிற்பவர் மூன்று தவணை ஒய்பி.
அவர் லோரியில் அரிசி வருகிறது.
எங்கள் கப்சாயில் துண்டறிக்கைதான்,
அதுவும் காலை மழையில் நனைந்து
வேட்பாளரின் மூக்கு ஊதாவாகிப் போனது.

தவமலர் அக்கா அதற்குள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்.
இருபத்திரண்டு வருஷம் தோட்டத்துக் கிளினிக்கில்
ஊசி போட்ட பழக்கம்.
எங்கே வலிக்கிறது என்று கேட்காமல்
எழுந்திருக்க வராது.

"தண்ணி எப்ப வரும்?"
மண்டோரிடம் கற்ற தமிழ்,
கெஞ்ச நினைத்தாலும் அதட்டலாகவே வருகிறது ஆலம்கீருக்கு.

அக்கா நோட்டில் எழுதினார்: ஒன்பது, குழாய்.
நான் பட்டியலில் எழுதினேன்: ஒன்பது, ஆளில்லை.

வழியெல்லாம் நான் பேசவில்லை.
செம்மண் முடிந்து தார் தொடங்கும் இடத்தில்
"எத்தனைடா தேறும்?" என்றார்.
விரலை மடக்கிச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னால்,
"பத்தாம் வீட்டை விட்டுட்டோமே."

வண்டியைத் திருப்பினேன்.
எண்ணெய் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.