பொரி

ஆயுத பூசைக்கு மூன்று நாள் லீவு.
நாலாம் நாள் காலை, முத்துக்கடையில் மழை.
ஷட்டரைத் தூக்கினால்
சாம்பிராணி வாசனை போய்
கருகிய மயிரும் மூத்திரமும் கலந்து
வேறொரு நெடி முகத்தில் அடித்தது.

லேத் சந்தனப் பொட்டோடு நின்றது.
பச்சைப் பட்டனை அழுத்தினேன்.
மறுபடி அழுத்தினேன்,
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுவதுபோல்
நாலைந்து தரம்.
உள்ளே ஆள் இருந்தும் பதில் இல்லை.

தீர்த்தகிரி வந்து பேனல் கதவைத் திறந்தான்.
கான்டாக்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே
முன்னங்கால் இங்கே, வால் அங்கே,
விறைத்துப்போன ஒரு சுண்டெலி.
"ஆர் பேஸ்ல வாயி, ஒய் பேஸ்ல பின்னாடி.
நானூத்திப் பதினஞ்சு வோல்ட்டு
இந்த ஒடம்பு தாங்குமா?"
டெஸ்டரால் நெம்பித் தாளில் வைத்தான்.
கடைவாயில் ஒட்டியிருந்தது
இன்னும் வெள்ளையாகவே ஒரு பொரி.

நான் தூவியதுதான்.
ஹெட்ஸ்டாக் மேல் ஒரு கை,
டெயில்ஸ்டாக் மேல் ஒரு கை,
பேனல் மேல் தாராளமாக ரெண்டு கை,
வருசம் பூரா நிக்காம ஓடணும் என்று.
மெஷினுக்குப் படைத்ததை
மெஷினேவா வந்து தின்னும்?

அப்புறம் ஒவ்வொன்றாய் வெளியே வந்தது.
வி பெல்ட்டின் ஓரத்தில் பல் வைத்த பள்ளம்.
கூலண்ட் பம்பு வயரில் செம்பு பல்லிளித்தது.
மைக்ரோமீட்டர் பெட்டிக்குள் மெத்தை காணோம்,
மைக்ரோமீட்டர் மட்டும் வெறும் மரத்தில் கிடந்தது
நூறில் ஒரு மில்லி பிசகாமல்.
பெட்டின் மேல் துருப்பொட்டுகள்.
ஆயில் கல்லும் மண்ணெண்ணெயுமாக
தோள் வலிக்கத் தேய்த்தேன்.
ஒரு பொட்டு மட்டும் போகவில்லை.
இன்னும் இருக்கிறது.

மேல்விசாரத்திலிருந்து அதீக் பாய் போன்:
"டிரம் ஷாஃப்ட்டு இன்னா ஆச்சு?
தோலு சுண்ணாம்புல கெடக்குது.
எத்தினி நாளு கெடக்கும்?"
எலி பாய், என்றேன்.
"எலியா?"
ரொம்ப நேரம் லைனில்
அவர் மூச்சு மட்டும் கேட்டது.

கான்டாக்டர் ஆற்காட்டில் இல்லை.
சகாதேவன் நனைந்துகொண்டே வேலூர் போய்
மூன்று மணிக்குத் திரும்பினான்.
அதற்குள் தீர்த்தகிரி
வயர் நுழையும் ஓட்டையில் எல்லாம்
இரும்பு நாரைத் திணித்து எம்-சீல் பூசினான்.
சுண்டுவிரல் போகிற சந்து போதும், என்றான்,
மண்டை போனா மிச்சம் தானா போயிடும்.

டூல் அலமாரியின் கீழ்த்தட்டை இழுத்தபோது
கூடு.
காட்டன் வேஸ்ட், மைக்ரோமீட்டர் மெத்தை,
என் பில் புத்தகத்தின் நகல் தாள்கள்
நூல் நூலாக.
நடுவில் மூன்று,
கண் திறக்காத இளஞ்சிவப்பு,
விரல்கணு அளவு.
சகாதேவன் முறத்தோடு மழைக்குள் போனான்.
வெறும் முறத்தோடு வந்தான்.
நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில்
கான்டாக்டர் 'டக்' என்று பிடித்தது.
ராத்திரி ஒரு மணி வரை ஷாஃப்ட்டைக் கடைந்தேன்.

காலையில் பாய் ஆட்டோவோடு வந்தார்.
பழைய பாக்கி பதினாலு எரநூறு, என்றேன்.
"பதிமூணுதானே?"
பில் எங்கே என்று அவர் கேட்குமுன்
கூட்டை அள்ளிவைத்த கவரை நீட்டினேன்.
ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.
அதில் ஒரு ஏழு இருந்தது.
இன்னொன்றில் என் கையெழுத்தின் வால்.
"இதுல எது என் கடன்?" என்றவர்
இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.
பதிமூணரை எண்ணி வைத்தார்.
மீதி அதுங்க கணக்கு, என்றார்.
மூணும் மழையில் போனதை
நான் சொல்லவில்லை.

ஆட்டோ கிளம்பியபின்தான் கவனித்தேன்:
பேனல் கதவில் காய்ந்த சந்தனப் பொட்டு,
அதன் கீழ் மார்க்கரில்
தீர்த்தகிரியின் கோணல் எழுத்து:
'இங்கே பொரி போடாதே.'