வளர்ச்சி இல்லை

பெலேம் நகரில் மழை மூன்று மணிக்கு வரும்.
யாரையாவது பார்க்க வேண்டுமென்றால்
மழைக்கு முன்னா, பின்னா என்றுதான் கேட்போம்.
இன்று பின்.
தீயணைப்புப் படை வல்டெமிர் வந்து நிற்கிறார்:
பூட்ஸ் முழுக்கச் சேறு, தோளில் பனிப்பெட்டி.
பதினாறு வீட்டுத் தாய்ப்பால்
காப்பித்தூள் போத்தல்களில் உறைந்து கிடக்கிறது.
ஒன்றில் விலைச்சீட்டின் பசைகூடப் போகவில்லை.

என் வேலை பெரிதில்லை.
அறுபத்திரண்டரை டிகிரி, முப்பது நிமிடம்,
பிறகு சட்டென்று குளிர்.
ஒரு துளியைப் பச்சைத் திரவக் குழாயில் விட்டு
இரண்டு நாள் காத்திருப்பேன்.
உள்ளே குமிழி எழுந்தால்
போத்தல் முழுவதும் சாக்கடைக்கு.
எழாவிட்டால் பதிவேட்டில்
"வளர்ச்சி இல்லை."
பதினோரு வருடமாக நான் எழுதிய நல்ல செய்தி
அது ஒன்றுதான்.

ஆற்றின் அக்கரைத் தீவிலிருந்து
படகில் எடிலேனியைக் கொண்டுவந்தார்கள், வலிப்போடு.
இருபத்தேழாம் வாரத்தில் இரட்டையர்.
இராசி, எண்ணூற்றெழுபது கிராம்.
மொவாசிர், தொள்ளாயிரத்துப் பத்து.
தாய் கண் திறக்கவில்லை.
எனவே ஊரார் பால், என் வழியாக.
ஒரே போத்தல், ஒரே செவிலி,
மூன்று மணிக்கொரு முறை ஒரே ஒரு மில்லி.

பன்னிரண்டாம் நாள்
பையனின் வயிறு இறுகிப் பளபளத்தது.
மூக்குக் குழாயில் பித்தப் பச்சை.
துணியில் குன்றிமணியில் பாதியளவு ரத்தம்.
படம் எடுத்தார்கள்:
குடலின் சுவருக்குள்ளே காற்று,
வரிசையாகக் குமிழிகள்.

குமிழிகளை எனக்குத் தெரியும்.

படிகளில் உருண்டுவிடாமல் எப்படி இறங்கினேனோ.
போத்தல் எண் நானூற்றுப் பதினேழு.
அடியில் எஞ்சியதை மறுபடி குழாயில் விட்டேன்.
அது ஊறிக்கொண்டிருந்த இரண்டு நாளில்
மேலே, கருத்துப்போன ஒன்பது சென்டிமீட்டர் குடலை
அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.
பச்சை அசையவில்லை.
வளர்ச்சி இல்லை.
அதை எழுதும்போது
யாரைப் பற்றி எழுதுகிறேன் என்றிருந்தது.

டாக்டர் தைசா சொன்னாள்:
"உன் பாலால் இல்லை.
அது இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்."
அப்படியானால் ஏன் இவன், ஏன் அவளல்ல?
கையுறையைக் கழற்றியபடி யோசித்தாள்.
"பிறந்த குடல் ஆளில்லாக் கரை.
முதல் படகில் யார் வந்திறங்குகிறார்கள் என்பது...
முழுசாக யாருக்கும் தெரியாது, அம்மா.
தெரிந்தமாதிரி பேசுவோம்."

பெண்ணின் துணியில் பல குலத்தார் இருந்தார்களாம்.
பையனின் துணியில் ஒரே கூட்டம், மண்டிப்போய்.
அது காரணமா, விளைவா,
அதுவும் தெரியாதாம்.

நான் அந்தக் கரைக்கு
ஆளே இல்லாத படகுகளை அனுப்பியவள்.
கொல்லாமல் அனுப்பவும் வழியில்லை:
முகம் தெரியாத பதினாறு வீடு,
பதினாறு சமையலறை,
யார் கையில் என்ன இருந்ததோ.

பதினைந்தாம் நாள் எடிலேனி விழித்தாள்.
இனிச் சுரக்காது என்றார்கள்.
சக்கர நாற்காலியில், பல்லைக் கடித்து,
அரை மணி பிழிந்ததில் இரண்டு சொட்டு.
செவிலி அதைப் பஞ்சில் தொட்டு
மொவாசிரின் கன்னத்தின் உட்புறம் தடவினாள்.
சூடேற்றாதது.
என் குழாயைக் காணாதது.
அவள் தோலும் வாயும் தீவும் ஏறி வந்த பால்.
கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு
வாழ்நாளில் முதன்முறையாகக்
கிருமிகளுக்கு வழிவிட்டேன்: இறங்குங்கள்.
அவன் நாக்கு லேசாகப் புரண்டது.
அவ்வளவுதான்.

"அந்தப் பையன்?" என்கிறார் வல்டெமிர்,
பெட்டியை மேசையில் வைத்தபடி.
நாற்பது கிராம் கூடியிருக்கிறான்.
வயிற்றில் ஒட்டிய பையில்தான் கழிகிறது,
எத்தனை மாதமோ.
அவர் தொப்பியைக் கழற்றி ஈரத்தை உதறுகிறார்.
இருவரும் போத்தல்களை எண்ணுகிறோம்.
பதினாறு.
பசை ஒட்டியிருந்ததில் ஒரு விரிசல்.
அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டு
முப்பது நிமிடத்துக்கு மணி வைக்கிறேன்.