ஆறு ரத்தி

எங்கள் பேட்டைக்கே பெயர் செவ்வாய்.
என் கட்டத்திலும் எட்டாம் வீட்டில்
அவன்தான் சம்மணம் போட்டிருக்கிறான் என்று
இருபத்தாறு வயதில்
வெள்ளியில் பதித்த பவளம் ஒன்றை
மோதிர விரலில் ஏற்றினார்கள்.
மாப்பிள்ளை வரவில்லை.
மோதிரமும் கழலவில்லை.
பட்டறையில் கொலுசுக்குக் கண்ணி கோர்க்கிறேன்,
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு.

போன தையில் சாந்தாமணியின் போனில்
ஓர் அறிவிப்பு ஓடியது:
ஆறு நாள், மன்னார் வளைகுடா,
உடைந்த பவளத்தைக் கட்டி மறுபடி வளர்க்க
ஆட்கள் வேண்டும், நீச்சல் கட்டாயமில்லை.
"உன் தோஷத்துக்குக் கடலே கூப்பிடுது மரகதம்!"
பட்டறையே சிரித்தது.
சிரிப்பு அடங்குவதற்குள் பணம் கட்டிவிட்டேன்,
தீபாவளி போனஸ் அப்படியே.

கரையில் இனிகோ முதலில் கைகளைத்தான் பார்த்தான்.
பூசின கிரீமைக் கழுவணும்,
வளையல் மோதிரம் எதுவும் கூடாது என்றான்.
சோப்பு போட்டும் வரவில்லை.
சமையல்காரம்மா தந்த நல்லெண்ணெயில்
எட்டு வருடம் வழுக்கி விழுந்தது.
வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தான்.
"நாம கட்டப்போறது வேற ஜாதிக்கா.
இது ஆழத்துல, வேற கடல்ல விளையறது.
ஆனா இதுவும்
ஏதோ ஒண்ணு குடியிருந்த வீடுதான்."

முதல் நாள் முழுக்கப் பழைய சட்டங்களில் படிந்த பாசியைத்
தேய்ந்த பல் பிரஷ்ஷால் தேய்த்தோம்.
படம் எடுக்க வந்த இருவர்
மறுநாள் காலை அறையிலிருந்து வெளியே வரவில்லை.

நான் கடலுக்குள் இறங்கவே இல்லை.
படகில், கடல்நீர் நிரப்பிய நீலத் தொட்டிக்குள்
முழங்கைவரை கை.
சுண்டுவிரல் நீளக் கொம்பை
சிமெண்ட் வில்லையோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.
காற்று படக் கூடாது, நசுங்கக் கூடாது,
அலையடித்தால் ஆடவும் கூடாது.
மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் நான் ஐந்து முடித்தேன்.
"எங்கக்கா கத்துக்கிட்டீங்க?"
"கொலுசுல."
அவனுக்குப் புரியவில்லை,
நானும் விளக்கவில்லை.

நான் கட்டிய பதினாலும்
நூற்றுப் பதினேழாம் சட்டத்தில் ஏறிக் கீழே போயின.
முக்குளித்தவர்களின் குமிழிகள்
ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன.
நான் பார்த்த கடல் அவ்வளவுதான்.

வைகாசியில் ஒரு மத்தியானம்
இனிகோ படம் அனுப்பினான்.
பத்து, தவிட்டு நிறத்தில், நுனி மட்டும் நீலமாய்.
நாலு வெள்ளை.
"தண்ணி சூடாயிருச்சுக்கா. நாலு போச்சு.
ஆனா உங்க கட்டு ஒண்ணுகூட அவிழல."

போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.
வடக்கே சேர்வராயன் மலை மேகத்துக்குள் இருந்தது.
அதன் அடிவாரத்தில்
தோண்டிப்போட்ட சுண்ணாம்புக்கரடு
வெயிலில் கண் கூச.
பிறந்ததிலிருந்து பார்க்கிற வெள்ளைதான்.
அன்றைக்கு ஏனோ ரொம்ப நேரம்
அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

மோதிரத்தை நான் மறுபடி போடவில்லை.
பொடி வைக்கிற டப்பாவில் கிடக்கிறது.
அம்மா கேட்டாள், ஒரு தடவை.
விரலைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்;
அங்கே ஒரு வெளிறின வளையம் இருக்கிறது,
வெயில் ஏற ஏறத்தான் ஆறும்.

கல்லை மட்டும் பிரித்துத் தராசில் வைத்தேன்.
ஆறு ரத்தி.
"இந்த ஆறு ரத்தி வளர எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?"
முதலாளி குப்புராஜிடம் கேட்டேன்.
அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
இன்றைய விலையைச் சொன்னார்.

மாதம் ஐந்நூறு எடுத்து வைக்கிறேன்.
அடுத்த தைக்கு இன்னும் ஏழு மாதம்.
சட்டத்தில்
நாலு இடம் காலி.